விசிறி ஓடுகிறது என்று நான் சொன்ன நாள்

நின்றுபோன விசிறிக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்த ஒருவரிடம், "இல்லைங்க, விசிறி ஓடுது" என்று வாதாடிய அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு. அதுவும் படிப்பெல்லாம் முடித்து, புத்திசாலி என்று நம்பி ஒருவர் வேலையும் கொடுத்த பிறகு.

நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் கம்பெனி. மொத்தம் ஐந்து பேர். கோழிப்பண்ணைகள்தான் வாடிக்கையாளர்கள். பக்கங்களைப் படுதாவால் மூடிய கொட்டகைகளில் பெரிய விசிறிகள் சதா ஓடியாக வேண்டும்; கோடை மத்தியானத்தில் அவை நின்றால் கோழிகள் சாக அதிக நேரம் ஆகாது. அதனால் கொட்டகைக்கு ஒரு பெட்டி வைத்திருந்தோம். விசிறி ஓடுகிறதா, சூடு எவ்வளவு என்று அது நொடிக்கு நொடி குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்புகளுக்கு லாக் என்று பெயர். (நான் பூட்டுக் கம்பெனியில் வேலை செய்வதாகவே என் மாமியார் ரொம்ப நாள் நினைத்திருந்தார்.)

அந்த லாக்குகளை வாங்கி ஆபீசுக்கு அனுப்பும் மென்பொருள் என் பொறுப்பு. பழையது ஒரு சோம்பேறி. ஒவ்வொரு வரியாக அனுப்பும். டவர் போய்விட்டால் அந்த நேரத்து வரிகளைத் தொலைத்துவிட்டு, எதுவுமே நடக்காததுபோல் அடுத்த வேலையைப் பார்க்கும். எனக்கு அது பொறுக்கவில்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். வரிகள் இனிமேல் கட்டுக்கட்டாகப் போகும். டவர் இல்லாவிட்டால் பெட்டியிலேயே பத்திரமாக இருந்து, டவர் வந்ததும் பழையதிலிருந்து வரிசையாகப் போகும். ஒன்றுகூடத் தொலையாது. திரை அடைசலாக இருக்கிறதே என்று வரிகளுக்கு முன்னாலிருந்த நேரத்தையும் எடுத்துவிட்டேன். (பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்தது தெரியுமா!)

இதைப் பார்க்க ஒரு சனிக்கிழமை செல்வராஜ் அண்ணன் வந்தார். எங்களை முதலில் நம்பிப் பெட்டி வாங்கிய பண்ணைக்காரர். கூடவே அவருக்குத் தெரிந்த பண்ணைக்காரர்கள் இரண்டு பேர். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இன்னும் முப்பது கொட்டகைகளில் எங்கள் பெட்டி ஏறும். அன்று பார்த்துக் காலை எட்டு மணியிலிருந்து அண்ணனுடைய பண்ணைப் பக்கம் டவர் இல்லை. பன்னிரண்டு மணிக்கு வந்தது. திரையில் வரிகள் அருவி மாதிரி கொட்டின. விசிறி ஓடுகிறது, விசிறி ஓடுகிறது, விசிறி ஓடுகிறது.

"பாருங்கண்ணா, கொட்டகையில இப்ப நடக்கறது இங்க தெரியுது" என்றேன்.

அப்போது என் போன் அடித்தது. பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் மல்லிகா அக்கா.

"அம்மணி, வெசிறி நின்னு போச்சு. உங்க பொட்டி ஒண்ணுஞ் சொல்லலியா?"

நான் திரையைப் பார்த்தேன். "இல்லைங்கக்கா, ஓடுது."

"நான் வெசிறிக்கு முன்னாலதான் நிக்கறேன்."

"வேற வெசிறியைப் பார்க்கறீங்களோ?"

"பத்தும் நின்னு போச்சு அம்மணி! கோழியெல்லாம் வாயைப் பொளந்துட்டு நிக்குது. நான் படுதாவத் தூக்கியுடறேன்."

"ஐயோ, தூக்காதீங்கக்கா! உள்ள காத்தோட்டம் கெட்டுப்போயிரும். இங்க சூடு இருபத்தாறுதான் காட்டுது."

"அப்ப நீ இங்க வந்து நில்லு சாமி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

நல்லவேளை, அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. படுதாக்களைத் தூக்கி, தண்ணீர் தெளித்து, எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பத்து நிமிடத்தில் விசிறிகளை ஓடவைத்துவிட்டார். ஒரு கோழியும் சாகவில்லை. முட்டை மட்டும் இரண்டு நாள் குறைந்தது.

அதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது காலை ஒன்பது மணி. இப்போதைய ஆபத்து, நான்கு மணி நேரத்து "எல்லாம் சுகம்" வரிகளுக்குப் பின்னால் மரியாதையாக வரிசையில் நின்றுகொண்டிருந்தது. பழைய சோம்பேறியாக இருந்தால் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு, விசிறி நின்ற அந்த நிமிடமே சொல்லியிருக்கும்.

இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது திரை முழுக்கச் சிவப்பானது. சைரன் அலறியது. விசிறி நின்றுவிட்டது! செல்வராஜ் அண்ணன் பதறிப்போய் மல்லிகா அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஜம்முனு ஓடுதுங்களே" என்றார் அக்கா. "அந்த அம்மணி கிட்டயா கேட்டீங்க?"

வந்திருந்தவர்களில் ஒருவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கிண்டல் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்: "ஏனுங்க, இது நேத்து நடந்ததையுங்கூடச் சொல்லுமுங்களா?"

முப்பது கொட்டகைகளும் அந்தக் கேள்வியோடு மாடிப்படி இறங்கிப் போய்விட்டன.

திங்கட்கிழமையே ஆபத்து வரிகளுக்குத் தனிப்பாதை போட்டேன். வரிசையைத் தாண்டி அவை முதலில் வரும். நேரத்தையும் கொட்டை எழுத்தில் திரும்பக் கொண்டுவந்தேன். செல்வராஜ் அண்ணன் எங்களை விட்டுப் போகவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். அதன்படி இன்றைக்கும் அவர் திரையின் அடியில் பச்சையாக ஒரு பொத்தான் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது: "எதற்கும் மல்லிகாவைக் கேட்கவும்."

வீட்டில் இந்தக் கதையைச் சொன்னது நான் செய்த இரண்டாவது தப்பு. ஆபீசிலிருந்து போன் செய்து "கிளம்பிட்டேன்" என்றால், "இது எத்தனை மணிச் செய்தி?" என்கிறார் கணவர். போன வாரம் ஆறாம் வகுப்பு படிக்கும் மகளிடம் வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"லாக்ல முடிஞ்சிருச்சும்மா."