மிளகாய்க் களத்தில் ரத்தக் காட்டேரிகள்

மதிப்பிற்குரிய சூர்யா அண்ணனுக்கு,

சித்தப்பா மகள் உமையாள் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே அய்யா, அம்மா, நான், உங்கள் வீட்டில் பெரியப்பா, பெரியம்மா, முருகலட்சுமி அக்கா, இரண்டு வீட்டு மாடுகள் எல்லோரும் நலம். சென்னையில் தாங்களும் நலமாக இருக்க வேண்டும். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, நேற்று நடந்ததைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். போனில் சொல்லலாம்தான். ஆனால் எங்கள் வீட்டுப் போன் ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசும், தெருவே கேட்கும். அதோடு போனை எடுத்தால் எனக்கு மூச்சுதான் வரும், பேச்சு வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

பொங்கலுக்கு வந்தபோது என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்களே, ரத்தக் காட்டேரி கார்டுப் பெட்டி, அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். "பத்திரமா வச்சிரு, பொழுது போகலைன்னா வெளயாடக் கத்துக்க" என்றீர்கள். ஒன்பதாவதோடு நின்றவளுக்குப் பொழுதுக்கு என்ன பஞ்சம்? மாசியில் மிளகாய் பறித்துக் களத்தில் காயப் போட்டோம். ஆடும் மயிலும் வராமல் பகல் முழுக்கக் காவல் இருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்து விதிப் புத்தகத்தின் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒவ்வொரு காட்டேரிக்கும் ஒரு மூலையில் பலம், மறு மூலையில் ரத்தம். கார்டைப் பக்கவாட்டில் திருப்பினால் தாக்குகிறேன் என்று பொருள். உடனே எதிராளியைப் பார்த்து "தடுக்கிறாயா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டுமாம். அவர் பேசாமல் இருந்தால் தடுக்கவில்லை என்று கணக்காம். தடுத்தால் இரண்டு காட்டேரிகளும் அடித்துக்கொள்ளும். எத்தனை பலமோ அத்தனை ரத்தம் போகும். ரத்தம் தீர்ந்தால் சாகாது, குப்புறப் படுத்துத் தூங்கும். தூங்குவதைக் கடித்து உறிஞ்சினால் கடித்ததற்கு ரத்தம் ஏறும். அண்ணா, தூங்குகிறவர்களைக் கடிக்கலாம் என்று விதி எழுதி அச்சடித்து விற்கிறார்களே, கேட்பதற்கு ஆளே இல்லையா? ரத்தத்துக்கு வைக்கச் சொல்லி இருந்த சிவப்புக் கண்ணாடி மணிகள் மண்ணில் தொலைந்துவிடும் என்று பயந்து வீட்டிலேயே வைத்துவிட்டு, களத்தில் கிடந்த குண்டு மிளகாயையே ரத்தமாக வைத்து விளையாடினேன். வலது கை ஒரு கட்சி, இடது கை ஒரு கட்சி. "தடுக்கிறாயா?" என்று என் கையையே நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் மனசுக்குள்.

அதைவிட என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்த நட்சத்திர விவகாரம். கார்டின் அடியில் கறுப்புப் புள்ளி இருந்தால் சாதாரணம், வெள்ளி நட்சத்திரம் இருந்தால் எப்போதாவது கிடைப்பது, தங்க நட்சத்திரம் இருந்தால் அரிதிலும் அரிது. மலை மாதிரி நிற்கிற, ஐந்து பலமுள்ள தடியனுக்குக் கறுப்புப் புள்ளி. கூன் விழுந்து, ஒரே ஒரு பலத்தோடு குச்சி ஊன்றி நிற்கிற கிழவிக்குத் தங்க நட்சத்திரம்! அச்சுப் பிழை என்றே நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அய்யாவுக்கும் பொறுக்கவில்லை.

"இந்தக் கெழவிக்கு எதுக்குத்தா இம்புட்டு மவுசு?"

"கொஞ்சமாத்தான் அச்சடிச்சிருக்காகளாம்யா. அவ தடுத்தா, யாரு அடிச்சாலும் அடி விழாதாம்."

"கொஞ்சமா வந்தா ஒசத்தியா? அப்ப நம்ம சீமையில மழைதேன் தங்க நட்சத்திரம். கருவேலமரம் பூராம் கறுப்புப் புள்ளி" என்று சொல்லி, "சரி, எனக்கும் போடு" என்று சம்மணம் போட்டுவிட்டார்.

அங்கேதான் வினை. உங்கள் வீட்டு மிளகாயும் அதே களத்தில்தான், நடுவில் ஒரு கயிறு போட்டு, அந்தப் பக்கம் காய்கிறது. பெரியப்பா அங்கே முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். தோட்டத்தில் போர்க் கிணறு போட்ட பூஜைக்கு அய்யா வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைக்காமல் போனில் கூப்பிட்டதும், "போன்ல கூப்புடுறதுக்கு நான் என்ன போர் வண்டிக்காரனா?" என்று பெரியப்பா கோபித்ததும், அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றதும் உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் சித்திரையில் அக்காவுக்குக் கல்யாணம் வைத்துக்கொண்டு பெரியப்பா பத்திரிகை கொண்டுவரவில்லை. "பத்திரிகைத் தட்டு வராம வாசல் மிதிக்க மாட்டேன்" என்று அய்யா. "அவன் வந்து ஒரு வார்த்தை சொல்லாம தட்டு போகாது" என்று பெரியப்பா. மணவறையில் தோழியாக நீதான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறாள். கூடப்பிறந்தவர்கள் இல்லாத எனக்கு இருப்பதே அந்த ஒரு அக்காதான். அய்யா போகாவிட்டால் நான் எங்கே போவது? அதை நினைத்து நான் சரியாகத் தூங்கவே இல்லை அண்ணா.

இந்த நிலையில் அய்யா ரெண்டு ரத்தம் மட்டுமே மிச்சமுள்ள காட்டேரியைத் தாக்க அனுப்பினார். பெரியப்பா எங்கள் பக்கம் திரும்பவில்லை. மேய வந்த ஒரு ஆட்டைப் பார்த்து, "சாகக் கெடக்குறவனை முன்னால அனுப்புறான் பாரு, கூறுகெட்டவன்" என்றார். அய்யா என்னைப் பார்த்து, "அம்புட்டுத் தெரிஞ்சவுக வந்து வெளயாட வேண்டியதுதேனேன்னு கேளு தாயி" என்றார். நான் கேட்கவில்லை. ஆனால் பெரியப்பாவுக்குக் காது இருக்கிறதே. கயிற்றுக்கு அந்தப் பக்கம் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

இப்படித்தான் தினமும் ஆட்டம் தொடங்கியது. பேச்சில்லாதவர்கள் எப்படி "தடுக்கிறாயா?" என்று கேட்பார்கள்? எல்லாம் என் வழியாகத்தான். "தடுக்குறாரான்னு கேளு தாயி." "தடுக்குறேன்னு சொல்லுத்தா." "இந்த அடி போதுமா, இன்னும் வேணுமான்னு கேளு." "அவன் பல்லைப் பிடுங்கித் தட்டுல வச்சுத் தாரேன்னு சொல்லு." இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நடுவில் நின்று ஒவ்வொன்றையும் நான் மறுபடி சொன்னேன். முதலில் முணுமுணுத்தேன். "சத்தமா சொல்லுத்தா, அவருக்குக் காது மந்தம்" என்று அய்யாவும், "கேக்கலை தாயி, அவன் மண்டையில ஏறாது" என்று பெரியப்பாவும் அதட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்லவே கூசிய நான், தெருவுக்குக் கேட்கும்படி "ரெண்டு ரத்தம் போச்சு!" என்று கத்தினேன். அந்தக் குரல் எனக்குள்ளிருந்து வந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை.

நேற்று கிழவி பெரியப்பா கைக்குப் போய்விட்டாள். அய்யாவுக்கு ஒரே எரிச்சல். "அஞ்சு தடியனைத் தாரேன், கெழவியைத் தருவாரான்னு கேளு" என்றார். "அவன் களத்து மொளகாய் பூராம் கொடுத்தாலும் கெழவி வர மாட்டான்னு சொல்லு" என்றார் பெரியப்பா. வெயில் உச்சிக்கு ஏறியது. ரத்தம் எடுத்து எடுத்து இருவர் கையும் மிளகாய். அய்யா வேர்வை துடைக்கிறேன் என்று கண்ணில் கையை வைத்தார். அவ்வளவுதான், "ஆத்தே!" என்று துடித்தார். அதைப் பார்த்துச் சிரித்த பெரியப்பா, சிரிப்பில் வந்த கண்ணீரைத் துடைக்கிறேன் என்று தன் கண்ணையும் தேய்த்துவிட்டார். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணும் மூக்கும் ஒழுக விம்முகிறார்கள். சரியாக அந்த நேரத்தில் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த நாகலெட்சுமி அத்தை பார்த்தது. "ஏ ஆத்தீ! தவசியும் முனீஸ்வரனும் ஒண்ணு சேந்து அழுகுறாகடி!" என்று ஆட்டைப் போட்டது போட்டபடி ஊருக்குள் ஓடியது.

அப்புறம் நடந்ததை எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஊரே வந்துவிட்டது. "என்ன இருந்தாலும் ஒரே ரத்தம்ல" என்று ஒருவர் சொல்ல, நான் கீழே கிடந்த மிளகாயைப் பார்த்தேன். பெரியம்மா என்றைக்கு வேண்டுமானாலும் உதவும் என்று கட்டிவைத்திருந்த வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தட்டோடு தூக்கிக்கொண்டு தலைமுடி அவிழ ஓடி வந்தது. கண்ணைத் திறக்க முடியாத பெரியப்பாவின் கையில், இருந்த கார்டைக்கூடக் கீழே வைக்க விடாமல், தட்டைத் திணித்துப் பக்கத்தில் நின்றுகொண்டது. "இல்ல, இது மொளகா…" என்று பெரியப்பா தொடங்கினார். "வாயை மூடுங்க" என்றது பெரியம்மா. அய்யா கண்ணை இறுக மூடி, உதட்டையும் இறுக மூடி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நாளாக அவர்கள் பேச்செல்லாம் என் வழியாகத்தான் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா கூட்டத்துக்குப் பின்னால் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அய்யா, பெரியப்பா பத்திரிகை வைக்கிறாக. தடுக்கிறீகளா?" என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அய்யா பேசவில்லை.

"தடுக்கலை!" என்று சொல்லி, அவர் இரண்டு கையையும் பிடித்துத் தட்டுக்கு அடியில் வைத்தேன். நாகலெட்சுமி அத்தை, "இந்தப் புள்ளைக்கு வாய் இருக்காடி!" என்று குலவை போட்டது. எனக்கு மயக்கமே வந்துவிட்டது.

ஆக, குடும்பம் ஒன்று சேர்ந்தது. பேச்சு வந்துவிட்டது. கல்யாணத்துக்கு அய்யா முன்னால் நிற்பார், நான் அக்கா பக்கத்தில் நிற்பேன். இனி நான் யாருக்காகவும் வாய் திறக்க வேண்டியதில்லை, பழையபடி சும்மா இருக்கலாம். உங்கள் கார்டுகளையும் மிளகாய் நெடி போகத் துடைத்து, ஒன்றுகூடக் குறையாமல் இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். தயவுசெய்து திரும்பக் கொண்டுவர வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். தூங்கும்போது கதவைத் தாழிடுங்கள், அந்தப் புத்தகம் படித்ததிலிருந்து சொல்லத் தோன்றுகிறது. அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னது. உங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,

தங்கை உமையாள்

பின்குறிப்பு: பெட்டியில் அடுக்கும்போது கிழவியைக் காணோம். தேடினால், எங்கள் வீட்டுக்கு வந்த தட்டில் வெற்றிலைக்கு அடியில் இருந்தாள். பெரியப்பா கையிலிருந்து நழுவியிருக்கிறாள். "தாம்பூலத்தோட வந்தது திரும்பிப் போகாது, கெழவியைக் கேட்டா பத்திரிகையும் சேந்துதேன் வரும்னு சொல்லு" என்கிறார் அய்யா. "கல்யாணத்துக்கு வரட்டும், வாசல்லயே சட்டைப்பையைத் தடவுவேன்னு சொல்லு" என்கிறார் பெரியப்பா. காலையிலிருந்து மறுபடி பேச்சு இல்லை, கல்யாணத்தன்றும் நான்தான் நடுவில் நிற்க வேண்டுமாம். கார்டு சூர்யா அண்ணனுடையது என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தேன். "அவனுக்கும் இதுக்கும் என்னத்தா சம்பந்தம்?" என்று இருவரும் ஒரே வார்த்தையாகக் கேட்டார்கள். அதனால் பார்சலில் ஒன்று குறையும்.