லட்சத்தில் இரண்டு ஆண்கள்

"கிளெனிஸ், உன் ரத்தத்துல ஆம்பளைங்க இருக்காங்க," என்றான் கூட வேலை பார்க்கும் டூகல், சிரிப்பை அடக்க முடியாமல்.

மெல்போர்ன் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக நோய் எதிர்ப்புச் செல்களைப் பிரித்து, அவற்றின் மரபணுக்களைப் பார்த்துச் சொல்வது கிளெனிஸின் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டியிருந்தது. தருவதாகச் சொன்னவர் வரவில்லை. தன் கையையே நீட்டிவிட்டாள். அதில், லட்சம் செல்லுக்கு இரண்டில், ஆண்களிடம் மட்டுமே இருக்கும் மரபணு!

"நீதான் அந்த ரத்தத்து மேல தும்மியிருப்பே."

"நான் தும்மினா ரெண்டோட நிக்குமா?"

டூகலுக்கு அறைக்குள் வரத் தடை விழுந்தது. மதியம் அவளோடு உட்கார்ந்து சாண்ட்விச் தின்னும் ஒரே ஆளும் அவன்தான்.

மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தாள். மூன்று.

சந்தேகம் இயந்திரத்தின் மேல் போயிற்று. அளவில்லாமல் ப்ளீச் ஊற்றிக் கழுவியதில் அது நான்கு நாள் படுத்துவிட்டது. எல்லோர் வேலையும் கூடவே படுத்தது. தேநீர் அறைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது.

அடுத்து, 'ஆண்கள் நுழையக் கூடாது' என்று கதவில் எழுதி ஒட்டினாள். இயக்குநர் மால்கம் வாசலிலேயே நின்று படித்தார்.

"எனக்குமா?"

"உங்களுக்குத் தாடி வேற இருக்கு, மால்கம்."

அதன் பிறகு அந்தப் பக்கம் பெண்களும் வரவில்லை. மாலை டிராமில் யார் காலையோ மிதித்து, "மன்னிச்சுக்குங்க" என்றபோதுதான், அன்று முழுக்கத் தன் குரலைத் தானே கேட்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

இந்த முறை நான்கு.

மறுபடியும் ரத்தம் கொடுக்கப் போய் நின்றாள். ஊசியோடு வந்த நர்ஸ் மெரன் முன்பு பிரசவ வார்டில் இருந்தவள்.

"அடிப்பாவி, திரும்பவுமா? யாருக்குடி இவ்வளவு ரத்தம்?"

கிளெனிஸ் எல்லாவற்றையும் கொட்டினாள். கேட்க ஓர் ஆள் கிடைத்ததில் டிராம் கதையையும் சேர்த்தே சொன்னாள்.

மெரன் ஊசியைக் கீழே வைத்தாள். "உனக்குப் பையன் இருக்கானா?"

"ஒருத்தன். முப்பத்தொரு வயசு. பெர்த் நகரத்துல இருக்கான். போன் பண்ணி ரெண்டு வருஷமாச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"வயித்துல இருக்கிறப்போ புள்ளையோட செல்லு கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலந்துடும். சிலருக்கு அது கடைசிவரைக்கும் போறதே இல்லை." மெரன் அவள் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டாள். "மூணு வாரமா நீ கழுவி, துடைச்சு, கதவைச் சாத்தி விரட்டப் பார்த்தது உன் புள்ளையைத்தான்டி."