தீராத புகார்கள் விற்பனைக்கு

டொம் என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து சின்னதாக ஒரு பெருமூச்சு. பிறகு மறுபடியும் டொம். பொதுமக்கள் குறைதீர் அலுவலகத்தில் தபால் பிரித்துக் கட்டில் வைக்கும் வேலைக்குச் சேர்ந்த நாளில் தபாலக்கா முதன்முதலில் கேட்டது அதைத்தான். டொம் என்பது மனுவின் தலையில் முத்திரை விழும் சத்தம். பெருமூச்சு மனு கொடுத்தவருடையது. முத்திரை விழுந்தால் பாதிக் குறை தீர்ந்த மாதிரி என்று அன்றைக்கு ஜனங்கள் நம்பினார்கள். மீதிப் பாதியைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, அலுவலகமும் சொல்லவில்லை.

இப்படி யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் நடந்துகொண்டிருந்த அலுவலகத்துக்கு, தபாலக்காவின் தலை நரைத்துவிட்ட ஒரு வருஷத்தில், புதிய இயக்குநர் ஒருவர் வந்து சேர்ந்தார். வந்தவர் ஒரு மாநாட்டுக்குப் போனார். போனவர் கழுத்தில் ஓர் அடையாள அட்டையும் கையோடு ஓர் ஆலோசகருமாகத் திரும்பினார். ஆலோசகருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தாடிக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

என்.எஃப்.டி. என்றால் என்ன என்று ஆலோசகர் ஊழியர்களைக் கூட்டிவைத்து விளக்கினார். இதைப்போல உலகத்தில் இன்னொன்று இல்லை என்று கணினியில் எழுதிவைத்த ஒரு சான்று, அவ்வளவுதான். அதை வாங்கலாம், விற்கலாம், பிறரிடம் காட்டிப் பெருமைப்படலாம். அழிக்க முடியாது. அதை வைத்துக்கொண்டு வேறு எதுவும் செய்யவும் முடியாது.

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப அது நம்ம மனுதானே தம்பி?"

அவர் குத்திப் பேசுகிற ஆள் இல்லை. சந்தேகத்தைத்தான் கேட்டார். ஆனால் இயக்குநர், இதுதான் யோசனை என்று மேசையைத் தட்டி எழுந்துவிட்டார். அன்று மாலையே ஆணை வெளிவந்தது. மேற்படி அலுவலகத்தின் பாதுகாப்பில் நெடுங்காலமாக நிலுவையில் இருந்துவரும் ஈடிணையற்ற மனுக்களை, உலக மக்கள் வாங்கி மகிழும் சேகரிப்புப் பொருள்களாக மாற்றியமைப்பதென்று இதன்மூலம் தீர்மானிக்கப்பட்டது.

முதல் தவணையாகச் சில மனுக்கள் விற்பனைக்கு வந்தன. ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

பொருள் இரண்டாம் பட்சம், முதலில் ஒரு சமூகம் வேண்டும் என்றார் ஆலோசகர். சமூகம் என்றால் அக்கம்பக்கத்து மனுஷர்கள் இல்லையாம். கைபேசியில் நம்மைப் பின்தொடர்கிறவர்களாம். உடனே ஒரு சுற்றறிக்கை. ஊழியர் ஒவ்வொருவரும் தம் குடும்பம், கொண்டான் கொடுத்தான், கடன் கொடுத்தவர் உட்பட அனைவரையும் குழுவில் சேர்க்க வேண்டும். சேர்க்காதவர்களின் விடுப்பு விண்ணப்பம் பரிசீலிக்கப்படமாட்டாது. காவலாளியின் மாமியார், கண் தெரியாத அந்த அம்மாள், சமூகத்தில் சேர்ந்தார். மனு வாங்கும் ஜன்னலில் 'பின்தொடர்ந்த பிறகே மனு' என்று ஓர் அட்டை தொங்கியது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்த பெரியவர் ஒருவர், எவ்வளவு தூரம் பின்தொடர வேண்டும், மூட்டு வலிக்கிறது என்று கேட்டார்.

கூட்டம் பெருகியது. வாங்கத்தான் ஆள் இல்லை. ஆலோசகர் யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். சாலைப் பள்ளமும் சாக்கடை அடைப்பும் எங்கும் கிடைக்கிற சரக்கு. அபூர்வமாக ஏதாவது வேண்டும். தட்டச்சர் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னாள்: நம் அலுவலகத்தில் அபூர்வம் என்றால் தீர்ந்த புகார்தானே.

தேடிப் பார்த்தார்கள். தீர்ந்த கட்டு தலையணை பருமனுக்கு இருந்தது. பிரித்தால், எல்லாம் மனுதாரர்களே அலுத்துப்போய்த் திரும்பப் பெற்றுக்கொண்டவை. திரும்பப் பெற்றால் தீர்ந்ததாகக் கணக்கு. அது அங்கே தொன்றுதொட்டு வரும் மரபு. ஆலோசகர் உதட்டைப் பிதுக்கினார்.

"தீர்ந்துபோன புகாருக்கு மார்க்கெட்ல மதிப்பே கிடையாதுங்க. வலி உயிரோட இருக்கணும். வலிதான் விக்கும்."

உயிரோடு இருக்கும் வலி தபாலக்காவிடமே ஒன்று இருந்தது. அவள் வீடு ஒரு பழைய குடியிருப்பின் நான்காம் மாடியில். வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டே போனவர், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரத்தில் லிஃப்ட் நின்றது. நான்கு கால் ஊன்றுசட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார்; படி இறங்க முடியாது. அடுத்த மாதம் உங்களைக் கீழே கூட்டிப்போய்க் காற்று வாங்க வைக்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அந்த அடுத்த மாதம், வானவிளிம்பு மாதிரி, போகப் போக அதுவும் போய்க்கொண்டே இருந்தது.

அதற்காக அவள் தன் அலுவலகத்திலேயே வரிசையில் நின்று ஒரு மனு கொடுத்திருந்தாள். ஆலோசகர் பழைய கட்டுகளைப் புரட்டும்போது அது கையில் கிடைத்தது.

'எங்கள் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே, சொல்ல வந்ததை மறந்துவிட்ட கிழவனைப் போல வாய் திறந்தபடி நிற்கிறது. என் கணவர் தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு அதன்முன் போய் நிற்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு இவர் உள்ளே வந்து சட்டையைக் கழற்றிவிடுகிறார்.'

ஆலோசகர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். "அக்கா, இது தங்கம்" என்றார். லிஃப்டைப் பல கோணங்களில் படம் பிடித்தார்கள். தபாலக்காவின் மனு, புகார் எண் ஒன்று என்ற புதிய பெயரோடு உலக உலா கிளம்பியது. பார்த்தவர்கள் அழுதார்கள். அழுததைப் படம் பிடித்துப் போட்டார்கள். அதைப் பார்த்தவர்களும் அழுதார்கள். தலைமுடிக்கு நீலச் சாயம் பூசிய பிள்ளைகள் நான்கு மாடி மூச்சிரைக்க ஏறிவந்து, ஓடாத லிஃப்டின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, இதைத் தொட்டுவிடாதீர்கள் என்று கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். மூன்றாம் மாடித் தையற்காரர் லிஃப்ட் படம் போட்ட பனியன் தைத்து விற்றார்.

சுற்றறிக்கைக்குப் பயந்து தபாலக்கா வீட்டுக்காரரையும் குழுவில் சேர்த்திருந்தாள். கண்டக்டர் முதலில் சும்மா படித்துக்கொண்டிருந்தார். பிறகு கை சும்மா இருக்கவில்லை. புதுசா ஏறினவங்க வழியில நிக்காம உள்ள தள்ளிப் போங்க, வாங்கினவங்க வாங்காதவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க, சண்டை போடுறவங்க அடுத்த நிறுத்தத்துல இறங்கிடுங்க என்று எழுத ஆரம்பித்தார். அத்தனை பெரிய கூட்டம் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. ஆலோசகர் அவரைச் சமூகக் காவலர் என்று அறிவித்தார். காலையில் காபி ஆறிப்போகும். கண்டக்டருக்கு நிமிர நேரம் இருக்காது. முகத்தில் பழைய களை வந்துவிட்டது. தபாலக்காவுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் இப்போதெல்லாம் சட்டை மாட்டிக்கொண்டு லிஃப்ட் முன் போய் நிற்பதில்லை என்பதைக் கொஞ்ச நாள் கழித்துத்தான் கவனித்தாள்.

புகார் எண் ஒன்றை யாரோ நல்ல விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தார்கள். இவ்வளவு பேர் பார்த்த லிஃப்டை இனி பழுதுபார்க்காமல் விடமாட்டார்கள் என்று நம்பி, அவள் இயக்குநரின் அறைக்குள் போனாள்.

"ரிப்பேர் பண்ணினா புகார் தீர்ந்துடுமே அம்மா" என்றார் இயக்குநர்.

"தீரணும்னுதானே சார் குடுத்தேன்."

"குடுத்தப்ப அது உங்களுது. இப்ப ஒருத்தர் காசு போட்டு வாங்கியிருக்காரு. அடுத்தவங்க சொத்துல நாம கை வைக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

வாங்கியவரின் சம்மதம் இருந்தால் பார்க்கலாம் என்றார் இயக்குநர். வாங்கியவர் யார் என்று ஆலோசகரிடம் கேட்டால், எழுத்தும் எண்ணும் கலந்த முழ நீளப் பெயர் ஒன்றைக் காட்டி, இது யாரென்று யாருக்கும் தெரியாது, அதுதான் இதன் அழகு என்றார். வேறு வழியில்லாமல், உரிமையாளர் மனமிரங்க வேண்டும் என்று குழுவில் ஒரு வேண்டுகோள் போட்டாள். சமையலறையில் நின்றுகொண்டுதான் போட்டாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த சமூகக் காவலரிடமிருந்து உடனே பதில் வந்தது: தங்கள் கோரிக்கை பெறப்பட்டது, உரிய பரிசீலனையில் உள்ளது.

"என்னங்க, நான்தான்" என்று குரல் கொடுத்தாள்.

"தெரியும். எல்லாருக்கும் ஒரே விதிதான்" என்றார் அவர்.

இதற்கிடையில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. இயக்குநர் வருவதற்கு முன்பே அவள் மனுவின் நகல் ஒன்று வழக்கமான வழியில் லிஃப்ட் பிரிவுக்குப் போயிருந்தது. அது மேசை மேசையாக நகர்ந்து, தூங்கி, விழித்து, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மெக்கானிக்கின் உருவத்தில் வந்து நின்றது. கையில் கருவிப் பை, தோளில் புதுக் கம்பிச் சுருள். அரைநாள் வேலைதான், சாயங்காலம் ஓடும் என்றான்.

தபாலக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டுக்காரரின் சட்டையைத் தேய்க்க எடுத்துப்போனாள். அதற்குள் படிக்கட்டு நிறைய ஆள் கூடிவிட்டது. லிஃப்ட் படத்தால் பிழைக்கும் தையற்காரர் முன்வரிசையில் நின்றார். இதை ஓட வைத்தால் எங்களை யார் பார்க்க வருவார்கள் என்று கேட்டார்கள். மெக்கானிக் திருப்புளியைக் கையில் எடுத்தபோது, ஊன்றுசட்டத்தைத் தள்ளிக்கொண்டு கண்டக்டர் வாசலுக்கு வந்தார்.

"தம்பி, அதைத் தொடாதீங்க. அது என்னோடது."

கையில் தேய்த்த சட்டையோடு தபாலக்கா நின்றுவிட்டாள். ஓய்வுப் பணம் மொத்தத்தையும் போட்டு அந்த முழ நீளப் பெயரில் வாங்கியவர் அவர்தான்.

"லிஃப்ட் ஓடினா நீங்க கீழ போகலாமேங்க" என்றாள்.

"போவேன். ஆனா இன்னிக்கு இல்ல. விலை இன்னும் ஏறட்டும். ஏறினதும் வித்துட்டு, லிஃப்ட் உள்ள வீடா வாங்கி உன்னைக் கூட்டிட்டுப் போறேன். யாருக்காகப் பண்றேன்?"

மெக்கானிக்குக்குக் குடும்ப விஷயத்தில் தலையிட விருப்பமில்லை. வேலை வேண்டாம் என்றால் மனு கொடுத்தவர் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும், வெறுங்கையோடு போனால் என்னைக் கேட்பார்கள் என்றான். எல்லோரும் தபாலக்காவைப் பார்த்தார்கள். அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். விழுந்த நாளிலிருந்து அந்த மனிதரின் கண்ணில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. போடும்மா, ஒரு கையெழுத்துதானே என்றார் தையற்காரர். சட்டையைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு அவள் போட்டாள்.

அந்தத் தாள் இரண்டு நாளில் அலுவலகத் தபாலில் அவள் மேசைக்கே வந்தது. மனுதாரர் திரும்பப் பெற்றார் என்று கண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி வந்ததையெல்லாம் எந்தக் கட்டில் வைப்பாளோ, கை தன்பாட்டில் அந்தத் தீர்ந்த கட்டில் வைத்தது. எந்தப் புகார் எந்தக் கட்டில் என்று கணக்கு வைக்க ஆலோசகர் அமைத்திருந்த கணினி அதை அப்படியே எடுத்து உலகத்துக்குச் சொல்லிவிட்டது: புகார் எண் ஒன்று தீர்ந்தது.

மத்தியானத்துக்குள் அதன் விலை மண்ணைக் கவ்வியது. குழுவிலிருந்து கும்பல் கும்பலாக விலகினார்கள். யாரும் இறங்காதீங்க, வண்டி இப்ப கிளம்பிடும் என்று கண்டக்டர் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். படிக்க யாரும் இல்லை. குடியிருப்புக்காரர்கள் லிஃப்ட் பிரிவுக்கு ஓடி, அந்த மெக்கானிக்கை மறுபடி அனுப்புங்கள் என்று கெஞ்சினார்கள். மேற்படி லிஃப்ட் குறித்த புகார் முற்றிலும் தீர்க்கப்பட்டுவிட்டதால், இல்லாத பழுதைப் பார்க்க ஆள் அனுப்ப விதியில் இடமில்லை என்று அழகான பதில் வந்தது. புதிதாக மனு கொடுக்கப் போனவர்களை, முதலில் பின்தொடர்ந்துவிட்டு வாருங்கள் என்று ஜன்னலில் திருப்பி அனுப்பினார்கள்.

நெடுநாள் நிலுவைப் புகாரைத் தீர்த்துவைத்ததற்காக இயக்குநருக்குப் பாராட்டுப் பத்திரமும் வேறு துறையில் பெரிய பதவியும் கிடைத்தன. ஆலோசகரும் கூடப் போனார்.

கண்டக்டர் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் கீழே இறங்கினார். மூன்றாம் வருஷம் தூக்கத்திலேயே உயிர் போயிருந்தது. படி குறுகல் என்பதால் தையற்காரரும் இன்னும் மூன்று பேரும் அவரைத் திருப்பத்துக்குத் திருப்பம் நிறுத்தி நிறுத்தித் தூக்கிவந்தார்கள்.