அடைப்பு அல்ல, கசிவு

அன்பும் அறிவும் ஒருங்கே வாய்த்த (அறிவு தாய்மாமன் வழி) என் அக்கா மகனுக்கு, உன் மாமன் உயிரோடு இருந்தபடியே எழுதிக்கொண்டது. இங்கே அனைவரும் நலம். அந்த அனைவரில் நானும் ஒருவன் என்பதுதான் செய்தி. இனி நான் சொல்வதை ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார் என்று சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

எட்டு மாதமாக எனக்குத் தோல் தடித்து அரிப்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு தடிப்பும் தாம்பாளம் அகலம். ஒன்பது டாக்டர்கள் பார்த்தார்கள். அதில் மூன்று பேர் என்னைப் பார்த்தே தங்களைச் சொறிந்துகொள்ள ஆரம்பித்தார்கள். பத்தாவதாக ஒரு தோல் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ரிப்போர்ட்டில் டி-டைமர் என்று ஒரு வரி, இருக்கவேண்டியதைப் போல ஐந்து மடங்கு. டாக்டரம்மாவைப் பார்க்க இன்னும் இரண்டு நாள். அதற்குள் மாடி வீட்டு மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, ரத்தம் எங்கயாவது கட்டியிருந்தா ஏறுறது இது, பாத்து இருங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

முப்பது வருடம் குழாய் வேலை பார்த்தவன் நான். அடைத்த குழாயை ஆட்டினால் கட்டி நகர்ந்து அடுத்த வளைவில் போய் உட்காரும். ஆகவே படுத்தேன். இரண்டு பகல், இரண்டு இரவு, விரல்கூட அசையவில்லை; இமையையே ஒவ்வொன்றாகத்தான் மூடினேன். அந்த நேரம் பார்த்துத்தானா முதுகில் தடிப்பு படையெடுக்கவேண்டும்? உன் அத்தை அடிஸ்கேலோடு வந்தாள்.

"இங்கயா?"

"கொஞ்சம் கீழ. மெதுவா! கட்டி நகர்ந்துடும்!"

"வாய் மட்டும் இந்த ஆட்டம் ஆடுதே, அதுல நகராதாக்கும்?"

மூன்றாம் நாள் நாலு பேர் என்னை அலமாரி மாதிரி நிமிர்த்தியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். காலையும் நெஞ்சையும் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "கட்டி எதுவும் இல்ல சார். மாசக்கணக்கா தடிப்பு வர்றவங்க சிலருக்கு, உறைய வைக்கிற வேலை ரத்தத்துல லேசா முடுக்கிவிட்ட மாதிரி இருக்கும். அதுல உண்டாகிற பொருள் சின்ன ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்தி விடுது. நீர் கசியுது, தோல் தடிக்குது. தடிப்பு அடங்கினா இந்த டி-டைமர் அளவும் பெரும்பாலும் இறங்கிடும்" என்றார்.

"அப்ப அடைப்பு இல்லையா? கசிவா?"

"கசிவுதான்."

மருமகனே, கசிவுக்கா நான் இப்படிக் கிடந்தேன்? மேசையிலிருந்து நான் குதித்த குதியில் கீழ்மாடியில் சுண்ணாம்பு உதிர்ந்தது. மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார், தடிப்பு பாதியாகிவிட்டது. நீ லீவு போட்டுக் கிளம்பி வரவேண்டாம்.

சொறியத் தேவையே இல்லாத தோலோடு நீ நூறாண்டு வாழ வாழ்த்தும்,
கசிந்தாலும் அடைக்காத உன் மாமன்.

பி.கு: டாக்டர்கள் இரண்டே பேர். தடிப்பு சட்டைப் பொத்தான் அளவு. படுத்தது ஒரே ஒரு சாயங்காலம். ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். டாக்டரம்மா சொன்னதில் கைவைக்க எனக்குப் படிப்பு போதாது, அது அவர் சொன்னபடியே. அத்தையின் அந்த நக்கல் என் கைச்சரக்கு. அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை; அடிஸ்கேலோடு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதில்தான் நான் நிஜமாகவே பயந்துபோனேன். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் திட்ட ஆரம்பித்தாள் பார், அப்போதுதான் எனக்கு உயிரே வந்தது. என் பங்குக்கு இந்தத் துளி மட்டும் உண்மை.