ஆறு குண்டு, இருபது மார்க்

ரிவால்வர் குழலின் மேல் வைத்த நாலணாக் காசு பதினோராவது தடவையும் கீழே விழுந்து, மேசைக்கு அடியில் உருண்டு போயிற்று.

"விசையை வெடுக்குன்னு இழுக்கக் கூடாதுய்யா. பையப் பைய அமுக்கணும். காசு அசையக் கூடாது," என்றார் ஏட்டு சிவனாண்டி, குனிந்து காசைத் தேடிக்கொண்டே.

"இப்பப் பாரும்வே," என்று சப்-இன்ஸ்பெக்டர் ஞானசம்பந்தம் குண்டில்லாத ரிவால்வரை மறுபடியும் நீட்டினார். அவரிடம் எதற்குப் பஞ்சம் வந்தாலும் நம்பிக்கைக்குப் பஞ்சம் வந்ததில்லை.

எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். சங்கரன்கோவிலில் குடியிருந்துகொண்டு பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் ஒன்று. வருஷம் எழுபத்தெட்டு. வருடாந்திரத் துப்பாக்கிச் சோதனைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆறு குண்டு சுட வேண்டும். வட்டம் போட்ட அட்டையின் நட்டநடுவில் பட்டால் பத்து மார்க். விலக விலகக் குறையும். ஞானசம்பந்தம் போன நாலு வருஷமும் வாங்கியது பதினொன்று, ஒன்பது, பதின்மூன்று, மறுபடி ஒன்பது. அதே நாலு வருஷமும் கோப்பை வாங்கியவர் டி.எஸ்.பி. அவர் ஐம்பதுக்குக் கீழே இறங்கியதே இல்லை.

இந்த வருஷம் புது உத்தரவு வந்திருந்தது. இருபது மார்க் எடுக்காத சப்-இன்ஸ்பெக்டர் வேறு ஜில்லாவுக்குப் போய் ஒரு வருஷம் சுடப் பழகிவிட்டு வர வேண்டும். மனைவி பிரம்மநாயகிக்கு ஆறு வருஷம் காத்திருந்து இப்போதுதான் சங்கரன்கோவிலிலேயே டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. அவள் வேலையை விட்டுவிட்டு வர முடியாது. அவளை விட்டுவிட்டு ஒரு வருஷம் தனியாக இருக்க ஞானசம்பந்தத்தாலும் முடியாது.

அவருக்குப் புரியாத சங்கதி ஒன்று உண்டு. சுடும்போது எல்லாம் நடுவில் போய்ப் பட்ட மாதிரிதான் இருக்கும். பெயர் ஒட்டிய அட்டை கைக்கு வந்தால், குண்டெல்லாம் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும்.

"எங்கயோ ஒரு சின்னக் கோளாறு. அதைப் பிடிச்சிட்டா முடிஞ்சுது வே," என்று சொல்லிக் காசை மறுபடி குழல்மேல் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு விவசாயி உள்ளே வந்தார். ஆடு காணாமல் போன புகார். ரிவால்வர் அவர் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"என்னவே வேணும்?" என்றார் ஞானசம்பந்தம், காசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்லய்யா. ஒரு ஆடுதான். அது தானா வந்துரும்."

அவர் போய் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஒரு வாரத்துக்கு ஸ்டேஷனில் ஈ காக்கை இல்லை.

"நம்ம பகுதியில குத்தம் கொறஞ்சிருக்கு, கவனிச்சீரா?" என்று பெருமைப்பட்டார் ஞானசம்பந்தம்.

காசு மட்டும் விழுந்துகொண்டேதான் இருந்தது. கையில் பலம் போதவில்லை என்று கண்டுபிடித்தார் ஏட்டு. மறுநாளிலிருந்து ஞானசம்பந்தம் காலையில் ஒரு செம்பு நிறையத் தண்ணீரை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் முற்றத்தில் நின்றார்.

"யாருக்குத் தண்ணி குடுக்கப் போறீக?" என்றாள் பிரம்மநாயகி.

"உன்னை விட்டுப் போகாம இருக்கத்தான் இந்தப் பாடு."

அதைக் கேட்டு அவள் மனம் இளகிவிட்டது. ஐந்தாம் நாள் அவர் தோள்பட்டை பிசகியபோது அவளே உட்கார்ந்து எண்ணெய் போட்டு நீவிவிட்டாள். பிசகு சரியானது, நடுக்கம் தங்கிவிட்டது. காப்பி டம்ளரை எடுத்தால் பாதி சட்டைக்குப் போனது.

"கை கெடக்கு, விடுங்கய்யா. கண்ணுலதான் விசயமே இருக்கு. இடது கண்ணை அழுத்தி மூடிப் பழகுங்க," என்றார் ஏட்டு, கொஞ்சமும் சளைக்காமல்.

சாப்பிடும்போதும் பஸ்ஸிலும் பழகினார். பத்தே நாளில் இடது கண் பழகிக்கொண்டது. அவர் சொல்லாமலே அதுவாக மூடித் திறந்தது. ரத வீதியில் பிரம்மநாயகியின் ஹெட்மிஸ்ட்ரஸ் எதிரே வந்தார். ஞானசம்பந்தம் மரியாதையாகக் கும்பிட்டார். கண் அதன் வேலையைச் செய்தது.

சாயங்காலம் பிரம்மநாயகி வந்து பையை வைத்த வேகத்திலேயே வீடு அதிர்ந்தது.

"எங்க ஹெட்மிஸ்ட்ரஸைப் பாத்துக் கண்ணடிச்சீகளாமே."

"அது நானில்லட்டி. கண்ணு."

"அந்தக் கண்ணு யாருதுன்னு கேக்கேன். நீங்க வேற ஜில்லாவுக்கே போயிட்டு வாங்க. எனக்கும் நிம்மதி."

அவள் அதைக் கோபத்தில்தான் சொன்னாள். ஆனாலும் ஞானசம்பந்தத்துக்குச் சுருக்கென்று தைத்தது. எப்படியும் இருபது எடுத்து அவள் முன்னால் நிற்பது என்று முடிவு செய்துகொண்டார்.

சோதனை நாளில் வேன் வாசுதேவநல்லூர் தாண்டி மலையடிவாரத்தில் போய் நின்றது. அட்டைகள் வரிசையாக நின்றன. கான்ஸ்டபிள் பெத்துராஜ் பசைச் சட்டியும் பெயர்ச் சீட்டுகளுமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சுட்டு முடிந்ததும் அட்டையைக் கழற்றிப் பெயர் ஒட்டிக் கொடுப்பது வருஷாவருஷம் அவர் வேலை. டி.எஸ்.பி. மதுரையில் வாங்கிய புதுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

ஞானசம்பந்தம் மூச்சைப் பிடித்தார். காசை நினைத்தார், செம்பை நினைத்தார். கை நடுங்கியது. கண் அடித்தது. ஆறு குண்டும் வெளியே போயின என்பது மட்டும் நிச்சயம். எங்கே போயின என்பது அவருக்கே தெரியவில்லை.

சோதனை நடத்த வந்த அதிகாரி அட்டைகளைப் பார்த்து மார்க்கை எண்ணி வாசித்தார்.

"ஞானசம்பந்தம், இருபத்தொண்ணு."

சிவனாண்டி கைதட்டியே விட்டார். ஞானசம்பந்தத்துக்குக் கண் கலங்கியது. பிரம்மநாயகி கையால் இன்னும் ஒரு வருஷம், ஏன், ரிட்டையர் ஆகிறவரைக்கும் சாப்பிடலாம்.

கடைசியாக டி.எஸ்.பி.யின் அட்டை. அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி திருப்பினார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாலு."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டி.எஸ்.பி. பெத்துராஜை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, விடுவிடுவென்று போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

"பாவம், பெரிய அய்யாவுக்குப் பழக்கம் விட்டுப்போச்சு," என்றார் ஞானசம்பந்தம். சுற்றி நின்றவர்களுக்கு அப்போதே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். காசு வைக்கும் முறை, செம்பு பிடிக்கும் முறை, கண் மூடும் முறை. "ஒரே மாசம். ஒம்பதுல இருந்து இருபத்தொண்ணு. அடுத்த வருசம் கோப்பை நமக்குத்தான் வே."

பெத்துராஜ் வந்து அவர் கையைப் பிடித்து வேனுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். பாவம், அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"போன நாலு வருசமும் இன்னைக்கும் உங்க அட்டையிலதான் அய்யா பெரிய அய்யா பேரை ஒட்டுதேன், அவரு அட்டையில உங்க பேரை, தங்கமாச் சுட்டுக்கிட்டிருந்த உங்களை யாருய்யா பழகச் சொன்னது?"