வெள்ளானூருக்கு வந்த லைட்டவுசு

"மாட்ட அவுத்து வெளிய கட்டும்மா. சர்க்கார் உத்தரவு."

சொன்னவன் என்ஜினீயர் ஆபீஸ் டவாலி வீராசாமி. அவனுக்குப் பின்னால் ஒரு லாரி. லாரியில் ஆள் உயரப் பெட்டி.

சாமுண்டீஸ்வரிக்குச் சுர்ரென்று ஏறியது. பசு நிறைசினை. "பெட்டியில இன்னாய்யா கீது?"

"பழைய லைட்டவுசு கண்ணாடிம்மா. நூறு வருசத்துப் பொருளு. சப்பான்காரன் குண்டு போட்டா போச்சு. பாதுகாக்கணும்னு என்ஜினீயர் தொரை உன் கொட்டாய எழுதிக்கினாரு."

பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய 1942 சித்திரை அது. வெள்ளானூரில் ஓடு போட்ட மாட்டுக் கொட்டகை அவளுடையது ஒன்றுதான்.

"கப்பலுக்கு வழி காட்றது என் மாட்டுக் கொட்டாய்ல இன்னாத்துக்கு?" என்று கத்தினாள். பெட்டி உள்ளே போனது. பசு வெயிலுக்கு வந்தது. வீராசாமி காவலுக்கு உட்கார்ந்துகொண்டான்.

நெல் குத்தப் போனாள். "அதிரக் கூடாதும்மா!" அடுப்பு மூட்டினாள். "புகை ஆவாதும்மா!"

கணவன் எத்திராஜ் சமாதானம் பேசப் போனான். "அண்ணாத்தே, மாடு வெயில் தாங்கல. கொட்டாய மட்டும் குட்த்துடு."

வீராசாமி பெரிய மனது பண்ணினான். பசு கொட்டகைக்குத் திரும்பியது. பெட்டி வீட்டுக்குள் வந்தது. வாசல் போதவில்லை என்று பக்கச் சுவரை இடித்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் புளியமரத்தடிக்குப் போனார்கள்.

"பேசி முடிச்சிட்டேம்மே," என்றான் எத்திராஜ்.

அவள் பார்த்த பார்வையில், மாங்காட்டு அம்மனுக்கு ஏதோ வேண்டுதல் பாக்கி என்று நழுவிவிட்டான்.

சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. இடித்த சுவர் வழியே சாரல். வீராசாமி அவளுடைய கல்யாணப் புடவையை எடுத்துப் பெட்டிக்குப் போர்த்தினான்.

அவ்வளவுதான். விறகுக் கட்டையோடு உள்ளே பாய்ந்தாள்.

"ஒடஞ்சா ஜெயிலும்மா!"

"போறேன்யா! அங்கியாவது ஒழுங்கா செவுரு கீதே!"

ஓங்கி ஒரே போடு. பலகை பிளந்தது. கண்ணாடி நொறுங்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து 'டொய்ங்ங்' என்று கம்பிகளெல்லாம் சேர்ந்து அலறின.

வீராசாமி தலையில் அடித்துக்கொண்டான்.

"அடிப்பாவி! லைட்டவுசு கண்ணாடி கடலாண்டயேதான் கீது. நீ ஒடச்சது தொரசானியோட பியானோ!"