ஓம் விதிக்கு ஒன்பது சுற்று

எனக்குத் தெரிந்து, ஓம் விதியைக் கொண்டு நெல் விளைவித்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் விஞ்ஞானி அல்ல, விவசாயியும் அல்ல. கூத்தாநல்லூருக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் ஒரு சட்ரஸில் ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கர். ஆற்றுத் தண்ணீரைக் கிளை வாய்க்கால்களுக்குப் பிரித்துவிடும் மதகுக் கட்டடத்துக்கு எங்கள் பக்கம் சட்ரஸ் என்று பெயர். அதன் காவல், துரு, கிரீஸ், பாம்பு எல்லாவற்றுக்கும் லஸ்கர்தான் பொறுப்பு. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சுத்து வாத்தியார். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. பத்து வருடம் அந்தப் பட்டியலை எழுதியவன் நான்தான். ஆனாலும் இன்று யோசித்தால் சுத்து வாத்தியார்தான் வாயில் வருகிறது.

நான் சட்ரஸை ஒட்டிய செக்‌ஷன் ஆபீசில் கிளார்க். ஆற்று மட்டத்தையும் ஷட்டர் திறப்பையும் தினமும் ரிஜிஸ்தரில் எழுதுவது வேலை. எண்ணுவது எனக்குத் தொழில் அல்ல, வியாதி என்பாள் என் மனைவி. சட்ரஸுக்கு ஏறப் பதினான்கு படி. மூன்றாவது படி உடைந்தது. ஷட்டர் ஆறு. கைப்பிடியைப் பதினெட்டுச் சுற்று சுற்றினால் ஷட்டர் ஒரு அங்குலம் ஏறும். இந்தக் கடைசி எண்ணை மட்டும் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள்.

சுத்து வாத்தியார் பத்தாம் வகுப்பு அறிவியலில் மூன்று முறை தோற்று நான்காம் முறை தேறியவர். அதில் அவருக்கு வெட்கம் கிடையாது. "ஒரே தடவையில பாஸ் பண்ணவன் ஒரு தடவைதான் படிச்சிருப்பான் சார். நான் நாலு தடவை" என்பார். பள்ளி விட்டு ஆற்றங்கரையோடு வீட்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது தெரிந்துபோயிற்று. நாலரை மணிக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்க சட்ரஸின் மேல் பைகள் வரிசையாக உட்கார்ந்துவிடும். கடைசிப் பை வரை எண்ணினால்தான் எனக்கு டீ இறங்கும்.

பதில் சும்மா கிடைக்காது. இயற்பியல் கேள்வி என்றால் கிளை வாய்க்கால் ஷட்டரை ஏற்றுகிற பக்கம் ஒன்பது சுற்று சுற்ற வேண்டும். வேதியியல் என்றால் இறக்குகிற பக்கம் ஒன்பது. உயிரியலுக்குச் சுற்று இல்லை, திருகுத் தண்டுக்கு கிரீஸ் தடவினால் போதும். சுற்றிக்கொண்டேதான் பதிலைக் கேட்க வேண்டும். கை நின்றால் பதிலும் நின்றுவிடும்.

ஒன்பது சுற்று என்றால் அரை அங்குலம். மேலிடத்து உத்தரவு ஆறு அங்குலம் என்றிருக்க, ஷட்டர் பாட்டுக்குப் பாடப்புத்தகத்தின் தாளத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் எனக்கு எப்படி இருக்கும்? ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல் போய்க் கேட்டேன்.

"என்னய்யா இது, இப்ப அஞ்சரைல நிக்குது?"

"ஆறுதான் சார். ஏழாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு இன்னும் வரல. அதுக்கு வேகம், தூரம் சந்தேகம். வந்துச்சுன்னா ஆறாயிடும்."

"வராட்டி?"

"வராம எப்படி சார்? நாளைக்கு நோட்டு வைக்கணுமே!"

அந்தப் பெண் வந்தாள். ஆறாயிற்று. நான் ஆறு என்று எழுதினேன். எட்டு வருடத்தில் அநேகமாக எல்லா நாளும் இப்படியே சரியாகிவிட்டதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

எதைக் கேட்டாலும் அவர் தண்ணீரில் கொண்டுபோய்த்தான் முடிப்பார். மின்னழுத்தமா? சட்ரஸுக்கு மேலே தேங்கி நிற்கிற தண்ணீரின் உயரம். மின்னோட்டமா? கீழே ஓடுகிற தண்ணீர். இதயமா? நாலு ஷட்டர் உள்ள சட்ரஸ், லஸ்கருக்கு லீவு மட்டும் கிடையாது. மின்தடையா? வாய்க்காலை அடைத்துக்கொண்டு கிடக்கிற ஆகாயத்தாமரை.

இந்த ஆகாயத்தாமரைதான் வம்பை இழுத்து வந்தது. பள்ளிக்குப் புதிதாக வந்த அறிவியல் ஆசிரியை நஸ்ரின் டீச்சர், ஒருநாள் விடைத்தாள் கட்டோடு பதினான்கு படியும் ஏறி வந்தார். உடைந்த படியில் தடுக்கிக்கொண்டதில் கோபம் இன்னும் கூடியிருந்தது.

"ஐயா, மின்தடைன்னா என்னன்னு கேட்டா, இருபத்தாறு பிள்ளைங்க ஆகாயத்தாமரைன்னு எழுதியிருக்காங்க. ஒருத்தி சர்க்யூட் படத்துல பூவோட வரைஞ்சு வச்சிருக்கா!"

"பூ வேணாம்னு சொன்னேனே டீச்சர்" என்று வாத்தியார் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"இதென்ன பாடம்? நீங்க எப்படித்தான் சொல்லிக் குடுத்தீங்க?"

"சொல்றேன் டீச்சர். ஒம்போது சுத்து."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். துப்பட்டாவைச் செருகிக்கொண்டு அவர் கைப்பிடியைப் பிடித்தார்.

"வாய்க்கால்ல தாமரை அடைச்சுக்கிட்டா தண்ணி குறையும். சரிங்களா? பழைய அளவு தண்ணி வேணும்னா மேல உயரத்தைக் கூட்டணும். இல்லாட்டித் தாமரைய அள்ளணும். நிக்காதீங்க, இன்னும் மூணு சுத்து இருக்கு. இதான் டீச்சர் ஓம் விதி."

சுற்றி முடித்து டீச்சர் விடைத்தாள் கட்டைப் பிரித்தார்.

"அரை மார்க் போடறேன்."

"முழுசாப் போடக் கூடாதா?"

"புஸ்தகத்துல தாமரை இல்லைங்கய்யா."

ஆனால் மறு வாரமே மனம் மாறிவிட்டார். பத்தாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். ஆளுக்கு ஒரு மின்னியல் கேள்வி கொடுத்து, சட்ரஸில் கேட்டு எழுதி வரச் சொல்லிவிட்டார். முப்பத்தொன்றும் இயற்பியல். முப்பத்தொன்றும் ஏற்றுகிற பக்கம். இருநூற்றெழுபத்தொன்பது சுற்று. ஆறு அங்குலத்தில் நின்ற ஷட்டர் பதினைந்தரை அங்குலம் ஏறி இருபத்தொன்றரையில் போய் நின்றது. இறக்குவதற்கு அன்று ஒரே ஒரு வேதியியல் கேள்விகூட வரவில்லை.

வாத்தியார் தவித்துப்போனார். கரையில் சைக்கிளில் போன பெரியவரை நிறுத்தினார்.

"அண்ணே, அமிலம், காரம்னு உங்களுக்கு எதாவது சந்தேகம் இருக்கா?"

"அமிலம் வயித்துல இருக்கு. ஆள வுடுய்யா" என்று அவர் போய்விட்டார்.

நானே இறக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஷட்டரை எண்ணுவதுதான் என் வேலை. தொடுவது அல்ல. அப்படித்தான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். அவரே ஏன் இறக்கவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சோம்பேறி என்று முடிவு கட்டி எட்டு வருடம் ஆகியிருந்தது.

அந்த வருடம் ஆற்றிலேயே தண்ணீர் குறைவு. வாய்க்காலின் கடைமடை பத்து நாளாக வறண்டு, நட்ட சம்பா வெடிப்புக்குள் நின்றுகொண்டிருந்தது. மறுநாள் விடியும்போது அங்கே கணுக்கால் தண்ணீர். யார் புண்ணியம் என்று விசாரித்துக்கொண்டே வந்து, கடைசியில் பத்தாம் வகுப்பு வரை வந்துவிட்டார்கள். மூன்று மா நிலம் குத்தகைக்கு எடுத்திருந்த பாக்கியம், நாலு பெண்களோடு பள்ளிக்கூட வாசலில் டீச்சரை மறித்தார்.

"டீச்சரம்மா, நாளைக்கும் கரண்ட்டுப் பாடமே நடத்துங்கம்மா. பயிரு வாடிக் கெடக்கு."

"நாளைக்கு அமிலம், காரம் நடத்தணுமேம்மா."

"அத அறுப்பு முடிஞ்சு நடத்திக்கலாம்ல?"

டீச்சர் பாவம், வீட்டுப்பாடம் மட்டும் கொடுக்காமல் நாலு நாள் மின்னியலையே நீட்டினார். ஐந்தாம் நாள் அடுத்த வாய்க்கால்காரர்கள் வந்தார்கள். தங்கள் பக்கம் தண்ணீர் குறைகிறதாம், ரெண்டு நாளைக்கு வேதியியல் நடத்தியே ஆக வேண்டுமாம். டீச்சர் எனக்குப் போன் செய்தார். "சார், நான் பாடம் நடத்தறதா, பஞ்சாயத்து நடத்தறதா?"

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ரிஜிஸ்தரில் 'உத்தரவுக்கு மாறான திறப்பு' என்று ஒரு கட்டம், பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. முதல் கட்டத்தில் 'பதினைந்தரை அங்குலம்' என்று எழுதினேன். இரண்டாவதில், 'பத்தாம் வகுப்பு மின்னியல் வீட்டுப்பாடம்.'

எட்டாம் நாள் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எஞ்சினியர் ஆய்வுக்கு வருகிறார். ஷட்டரை லஸ்கர் தன் கையால் மூன்று அங்குலம் ஏற்றிக் காட்ட வேண்டும்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். வாத்தியார் ஒன்றுதான் கேட்டார்.

"பதினோரு மணியா? ஸ்கூல் இருக்குமே சார்."

"இருந்தா என்னய்யா? உன்னைத்தானே சுத்தச் சொல்றாங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை இடது கையால் எடுத்தார். சட்டையை விலக்கினார். வலது தோள் எலும்பு மேடாகத் துருத்திக்கொண்டிருந்தது. மழையில் கரையிலிருந்து சைக்கிளோடு விழுந்ததாம். நான் அந்த ஆபீசுக்கு வருவதற்கு முந்தின வருடம். கட்டுப் போட்டது சரியாகக் கூடவில்லை. கை மார்புக்கு மேல் எழும்பாது, ஒற்றை இடது கைக்கு அந்தக் கைப்பிடி அசையாது.

"சொன்னா லாயக்கு இல்லன்னு எழுதி, தஞ்சாவூர் ஆபீஸ்ல ஃபைல் தூக்கப் போட்டுடுவாங்க சார். அங்க யாரு சார் வந்து சந்தேகம் கேக்கப்போறா? ரெண்டு வருஷந்தான் சர்வீஸ் இருக்கு. இங்கயே முடிச்சுடலாம்னு பாத்தேன்."

எட்டு வருடம் அந்த மனிதர் இடது கையால் டீ குடித்ததைப் பார்த்திருக்கிறேன். இடது கையால் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். படியை எண்ணினேன், பையை எண்ணினேன், சுற்றை எண்ணினேன். மாட்டிவிட்டதும் நானே.

வெள்ளிக்கிழமை எஞ்சினியர் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். கையில் ஒரு படிவம். "ம், ஏத்துங்க" என்றார். வாத்தியார் கைப்பிடிக்குப் பக்கத்தில் போய் நின்றார். வலது கையைக் கொண்டுபோனார். அது மார்பு வரை வந்து நின்றுவிட்டது.

அப்போது எனக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. முன்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"வாத்தியாரே, எனக்கு ஒரு சந்தேகம்."

"நீங்க ஏன் சுத்துறீங்க?" என்றார் எஞ்சினியர்.

"இங்க சந்தேகம் கேட்டா சுத்தணும் சார். வழக்கம்."

சந்தேகம் நிஜமானதுதான். சர்வீஸில் சேர்ந்த நாள் முதல் யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு வைத்திருந்தது. ஆற்றில் நட்ட அளவுக்கல், தண்ணீருக்குள் போன இடத்தில் ஏன் ஒடிந்த மாதிரி தெரிகிறது? தினமும் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன், தப்பாகவே எழுதிக்கொண்டிருக்கிறேனோ என்று எனக்குத் தூக்கம் கெட்ட நாட்கள் உண்டு.

வாத்தியாருக்கு முகம் மாறிவிட்டது. எஞ்சினியர் நிற்பதே மறந்துவிட்டது.

"தார் ரோட்டுலேருந்து டிராக்டரச் சாய்வாச் சேத்துல எறக்குனா என்ன சார் ஆவும்? எந்த சக்கரம் மொதல்ல சேத்துல படுதோ அது மெதுவாயிடும். இன்னொண்ணு ரோட்டுல அதே வேகத்துல போவும். அப்ப வண்டி திரும்பிடும்ல? வெளிச்சத்துக்குத் தண்ணிதான் சார் சேறு. காத்துலேருந்து தண்ணிக்குப் போனாலும், தண்ணிலேருந்து காத்துக்கு வந்தாலும் சாய்வா வந்தா திரும்பிக்கும். தண்ணி மட்டத்துல இருக்குற நம்பரத்தானே எழுதுறீங்க? அது தப்பாவாது. நிம்மதியாத் தூங்குங்க. ஒம்போதாச்சு, நிறுத்துங்க."

"மூணு அங்குலம் ஏத்தணும்யா!" என்று பல்லைக் கடித்தேன்.

"ஒரு கேள்விக்கு ஒம்போதுதான் சார். ஆறு கேள்வி கேட்டா மூணு அங்குலம்."

வேலை போகிற நேரத்திலும் கணக்குப் பிசகாத மனிதர்! நான் கேட்டேன். வெயிலில் மின்கம்பி ஏன் தொங்குகிறது? தாளிக்கிற கடுகு ஏன் வெடிக்கிறது? சட்ரஸுக்குக் கீழே நின்று கூப்பிட்டால் ஏன் குரல் திரும்பி வருகிறது? வெயிலில் விட்ட சைக்கிள் டியூப் ஏன் வெடிக்கிறது? ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. எத்தனை சுற்று என்று நான் எண்ணவில்லை, அவர்தான் எண்ணினார். ஆறாவதாகப் பாலில் ஏன் ஆடை படிகிறது என்று ஆரம்பித்தேன்.

"பால் வேணாம் சார். அதுல வேதியியல் கலந்திருக்கு. எறக்கணும்."

வேறு சந்தேகம் எனக்கு வரவில்லை. மூச்சும் வரவில்லை. எஞ்சினியர் வாத்தியாரின் வலது கையைப் பார்த்தார். பிறகு படிவத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார்.

"ஐஸ்ல வச்ச சோடா பாட்டில் வெளியில ஏங்க வேர்க்குது?"

"அது எட்டாங்கிளாஸ் சார்" என்றார் வாத்தியார். "புடிங்க, ஒம்போது சுத்து."

படிவத்தில் அன்று எழுதப்பட்டது இரண்டே சொல்: 'ஷட்டர் இயங்குகிறது.' யார் இயக்கினார் என்பதற்கு அதில் கட்டம் இல்லை. மறுவாரம் மேலிடத்திலிருந்தே அந்த வாய்க்காலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட உத்தரவு வந்தது. சம்பா பிழைத்தது. அறுப்பு முடிந்து பாக்கியம் நஸ்ரின் டீச்சருக்கு ஒரு மரக்கால் புது அரிசி கொண்டுபோய்க் கொடுத்து, "இப்ப நடத்துங்கம்மா அமிலம்" என்றாராம்.

வாத்தியார் பாக்கி இரண்டு வருடத்தையும் சட்ரஸிலேயே முடித்தார். பிறகு திருப்பனந்தாள் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போன தை மாதம் அவர் தவறிவிட்டதாகச் செய்தி வந்தது. போய்விட்டு வந்தேன். இப்போது அந்த ஷட்டருக்கு மோட்டார் மாட்டியிருக்கிறார்கள். பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஏறும், சிவப்பை அமுக்கினால் இறங்கும். பிள்ளைகள் கரையில் நின்றபடியே போனில் கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். பதில்கள் சரியாகத்தான் இருக்கின்றன, நான் பார்த்தேன்.

எனக்கு எழுபத்தொன்று. வீட்டிலிருந்து சட்ரஸ் ஆயிரத்து நூற்று நாற்பது அடி, சாயங்காலம் நடக்கிறேன். அவர் போன பிறகு சந்தேகங்கள் பதினேழு சேர்ந்திருக்கின்றன. ஒன்பது வீதம் நூற்றைம்பத்துமூன்று சுற்று. கை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.